“அவருக்குக் காய்ச்சல், சார்”

இரவு முழுக்கக் குடித்துவிட்டு எழ முடியாமல் கிடக்கிறான் கணவன். மனைவி அவனுடைய அலுவலகத்துக்குப் போன் செய்கிறாள்: “அவருக்குக் காய்ச்சல், சார். இன்றைக்கு வர மாட்டார்.” போனை வைத்ததும் அவளது படபடப்பு அடங்குகிறது. அவனுக்கு வேலை போகும் ஆபத்து விலகுகிறது. ஒரே பொய்யில் இருவருக்கும் நிம்மதி. ஒருவரின் பழக்கத்தை இன்னொருவர் மூடி மறைத்துத் தாங்கிக்கொண்டே போவதை உளவியல் ஆலோசகர்கள் இணைச்சார்பு என்பார்கள். அந்தச் சிக்கலை ஓட்டும் எஞ்சின் இந்த நிம்மதிதான்.

ஒரு செயலைச் செய்தவுடன் வேதனை குறைந்தால், மூளை அந்தச் செயலைப் பிடித்துக்கொள்ளும். நடத்தையியலில் இது எதிர்மறை வலுவூட்டல். தண்டனை அல்ல, வேதனை விலகுவதே இங்கே பரிசு. அவள் காப்பாற்றக் கற்கிறாள், அவன் காப்பாற்றப்படக் கற்கிறான். பொய்யின் விலையான கடனும் கெட்ட பெயரும் மாதக்கணக்கில் தாமதித்து வரும். நிம்மதியோ நொடியில் வந்துவிடுகிறது. கற்றலில் முந்தி வருவதற்கே பலம் அதிகம்.

இத்தனை ஏமாற்றத்துக்குப் பிறகும் ஏன் விட முடிவதில்லை? இடையிடையே நல்ல நாட்கள் வருவதால்தான். இரண்டு வாரம் குடிக்காமல் இருப்பான், பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்கி வருவான், அழுது சத்தியம் செய்வான். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த புறா, தீனி நின்றதும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். எப்போதாவது, கணிக்க முடியாதபடி தீனி கிடைத்த புறா வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். நடத்தையியல் உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வு மரபில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மை இது. மனிதரைப் புறாவோடு ஒப்பிடுவதா என்று கோபிக்க வேண்டாம்; லாட்டரிச் சீட்டு வாங்கிய எல்லோருமே அந்தப் புறாதான்.

ஒரு நாள் அவள் போன் செய்ய மறுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவன் திருந்துவதில்லை, முன்னைவிட அதிகமாகக் கத்துகிறான். வழக்கமான பலன் நின்றுபோனால், நடத்தை அடங்குவதற்கு முன் ஒருமுறை சீறி எழுவது உண்டு. அந்த உச்சத்தில் அவள் தளர்ந்து போனை எடுத்தால், இன்னும் உரக்கக் கத்தினால் காரியம் நடக்கும் என்பதே அவன் கற்கும் பாடம். “கண்டித்தும் பார்த்தாயிற்று, பலிக்கவில்லை” என்று குடும்பத்தார் கைவிடுவது பல நேரங்களில் இந்த இடத்தில்தான்.

கோளாறு அவளிடம்தான் என்று முடிவு கட்டுவது சுலபம். 1950களில் அமெரிக்க நிபுணர்கள் சிலர் அப்படித்தான் எழுதினார்கள். 1954இல் சமூகவியலாளர் ஜோன் ஜாக்சன் அதை மறுத்தார்: மனைவியரின் நடத்தை, நீண்ட நெருக்கடிக்குக் குடும்பம் படிப்படியாகத் தன்னைப் பழக்கிக்கொள்ளும் விதம் என்றார். 1986இல் டிம்மென் செர்மாக் என்ற மனநல மருத்துவர் இணைச்சார்பை ஆளுமைக் கோளாறுகளில் சேர்க்கும்படி வாதிட்டார். மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் அதற்கு இன்றும் இடமில்லை. அது நல்லதே என்பேன். கல்லானாலும் கணவன் என்று சொல்லி வளர்த்துவிட்டு, அதன்படி நடந்தவளுக்கு நோயாளிப் பட்டம் கட்டுவது என்ன நியாயம்?

கற்ற கணக்கை மாற்றி எழுத முடியும். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய ‘கிராஃப்ட்’ பயிற்சி உறவினருக்கானது. அவன் தெளிவாக இருக்கும் மாலையில் கூட உட்கார்ந்து பேசுவது, சேர்ந்து சாப்பிடுவது. குடித்து வந்தால் சண்டை போடாமல் விலகிக்கொள்வது. அலுவலகத்துக்குப் போனை அவனே செய்யட்டும் என்று விடுவது. சிகிச்சையை மறுத்தவர்களின் உறவினர் 130 பேரை வைத்து நியூ மெக்சிகோவில் நடந்த ஆய்வு 1999இல் வெளியானது. இப்பயிற்சி பெற்றவர்களில் 64 சதவீதத்தினர் குடிப்பவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தனர். குடும்பமே கூடி அவரை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் முறையில் இது 30 சதவீதம். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான தன்னுதவிக் குழுவான அல்-அனான் வழியில் 13. ஆனால் குடிப்பவரை மாற்றுவது அல்-அனானின் நோக்கமே அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடி உதை நடக்கும் வீட்டில் வரிசை வேறு. அங்கே சீற்றம் கத்தலோடு நிற்காது. அதனால் எதையும் நிறுத்திப் பார்ப்பதற்கு முன்பே போக ஓர் இடம், கையோடு எடுத்துக்கொள்ள அடையாள ஆவணங்கள், கொஞ்சம் பணம், மகளிர் உதவி எண் 181 ஆகியவை தயாராக இருக்க வேண்டும்.