கார்ப்பரேட் பிளாக்: நிறுவன வலைப்பதிவு

புதுச்சேரியில் பல் மருத்துவமனை, தங்கும் விடுதி, நகைக்கடை என்று பலருடைய இணையதளத்திலும் இப்போது 'பிளாக்' என்று ஒரு பகுதி இருக்கிறது. நிறுவனம் தன் பெயரில், தன் தொழிலைப் பற்றித் தேதி போட்டு அவ்வப்போது வெளியிடும் கட்டுரைகள் அவை. எழுதுவது பல நேரம் முதலாளியோ மருத்துவரோ அல்ல, கட்டணம் வாங்கிக்கொண்டு எழுதித்தரும் பி.ஆர். (பப்ளிக் ரிலேஷன்ஸ்) ஏஜென்சி. கட்டுரையின் கீழ் 'அட்மின்' என்று மட்டும் இருந்தால் பாதி சந்தேகம் தீர்ந்தது.

பிளாக் என்பது 'வெப்லாக்' என்பதன் சுருக்கம். 1997 டிசம்பரில் அமெரிக்கர் ஜோர்ன் பார்கர் தன் இணையதளத்தை வெப்லாக் என்றார். 1999-இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதையே விளையாட்டாக 'வீ பிளாக்' என்று பிரித்துப் போட, வால் மட்டும் நிலைத்துவிட்டது. இதில் 'லாக்' என்பது மரக்கட்டைதான். முடிச்சுகள் போட்ட கயிற்றில் கட்டையைக் கட்டிக் கடலில் விட்டு, குறித்த நேரத்துக்குள் எத்தனை முடிச்சு கைநழுவிப் போகிறது என்று எண்ணினால் கப்பலின் வேகம் தெரியும். அதைக் குறித்துவைத்த நோட்டு லாக் புக். கடலூரில் அரசு ஜீப் ஓட்டுகிறவரைக் கேளுங்கள்: புறப்பட்ட நேரம், போன இடம், ஓடிய கிலோமீட்டர், பக்கத்தில் கையெழுத்து. போய்வந்தவர் எழுதுவதுதான் லாக்.

தமிழில் வலைப்பூ, வலைப்பதிவு என்று இரண்டு சொற்கள் வழங்குகின்றன. வலைப்பூ அழகுதான், ஆனால் எழுதுகிறவரை வலைப்பூக்காரர் என்றா சொல்வது? வலைப்பதிவர் என்பது இயல்பாக வருகிறது. பத்திரப் பதிவு, பிறப்புப் பதிவு என்று பொறுப்போடு எழுதிவைக்கிற பொருளும் அதில் இருக்கிறது. (பிரான்சு அரசு 2005-இல் 'ப்ளோக்-நோத்' என்று ஒரு சொல்லைப் பரிந்துரைத்தது. அங்கேயும் மக்கள் பிளாக்கை விடவில்லை.)

கார்ப்பரேட் என்பதற்கு 'பெருநிறுவன' என்று எழுதுகிறார்கள். பல் மருத்துவமனைக்கு எதற்குப் 'பெரு'? நிறுவன வலைப்பதிவு போதும். பி.ஆர். என்பதற்கு மக்கள் தொடர்பு. தமிழ்நாடு அரசின் துறைக்கே அந்தப் பெயர் உண்டு.

சரி, ஏஜென்சி எழுதித்தருவது தப்பா? கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித்தருகிறவரும் அதைத்தான் செய்கிறார். கையெழுத்து மனுதாரருடையது, பொறுப்பும் அவருடையது. எழுதச் சொன்னவர் மறைந்துகொள்ளும்போதுதான் வில்லங்கம். 2006-இல் அமெரிக்காவில் ஒரு ஜோடி வேனில் ஊர் ஊராகப் போய், வால்மார்ட் கடைகளின் வாகன நிறுத்தத்தில் தங்கி, சந்தித்த ஊழியர்களைப் பற்றி நல்லவிதமாக எழுதியது. பயணம் நிஜம், ஆட்களும் நிஜம். செலவு மட்டும் வால்மார்ட் ஆதரவு அமைப்பு ஒன்றுடையது. அதன் பின்னால் இருந்தது வால்மார்ட்டின் மக்கள் தொடர்பு ஏஜென்சியான எடெல்மன். அம்பலமானதும் எடெல்மன் தலைவர் தன் வலைப்பதிவிலேயே மன்னிப்புக் கேட்டார்.

ஆங்கிலத்தில் இதற்கு 'ஃப்ளாக்' என்று பெயர்; போலி பிளாக் என்பதன் ஒட்டுச்சொல். தமிழில் போலி வலைப்பதிவு எனலாம், ஆனால் ஆள் நிஜமாக இருந்து பணம் வேறொருவருடையதாக இருந்தால் அதற்கு நம்மிடம் பழகிய சொல் இருக்கிறது: பினாமி. வாக்கியத்தில்: "ரிசார்ட்டைப் பற்றி எழுதியவர் சுற்றுலா வந்தவர் என்று நம்பி ரூம் போட்டோம், பார்த்தால் பினாமிப் பதிவு."