காதுள்ள என்ஜினும் பொய் சொல்லும் பெட்டியும்

போன வாரம் வள்ளியூரிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். 1 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ பெட்ரோல் கார் வாங்கி ஒரு வருஷம் ஆகிறதாம். "அண்ணாச்சி, பவர் மாடியூல்னு ஒரு பெட்டி விக்காங்க. மாட்டுனா 20 குதிரைசக்தி கூடும்னு சொல்லுதாங்க. கூடவே நூறு ஆக்டேன் பெட்ரோல் அடிச்சா என்ஜினுக்கு ஒண்ணும் ஆகாதாம். நெசமா? மாட்டலாமா?"

பெட்டி சக்தியைக் கூட்டுவது நிஜம்தான். ஒன்றும் ஆகாது என்பதைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டர்போ என்ன செய்கிறது என்று நீட்டி முழக்க வேண்டாம். வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல்கிறது, நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட்டலாம், சக்தியும் கூடும். ஆனால் அமுக்கிய காற்று சுடும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குப் பம்பின் அடிப்பக்கம் சுட்டது ஞாபகம் இருக்கும். பாளையங்கோட்டையில் ஒரு மே மாத மதியம், வெளியே 40 டிகிரி. அந்தக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், டர்போவின் திறமைக் குறைவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், சுமார் 140 டிகிரிக்கு ஏறும். இன்டர்கூலர் அதைக் குளிர்விக்கும்தான். ஆனால் அதைக் குளிர்விக்கும் வெளிக்காற்றே 40 டிகிரியில் அல்லவா இருக்கிறது.

அடுத்தது பிஸ்டன். மேலே ஏறி, அதே காற்றையும் பெட்ரோலையும் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. சூடு இன்னும் பல நூறு டிகிரி ஏறுகிறது. பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ஸ்பார்க் பிளக் பொறி விடுகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அறுத்த வயலில் தாளுக்குத் தீ வைத்தால் ஒரு மூலையில் பற்றி வரிசையாக நகருமே, அதுபோலத் தீ பிளக்கிலிருந்து கிளம்பி ஓரத்தை நோக்கி நடக்கிறது. நிமிஷத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் என்ஜினில் இந்தப் பயணத்துக்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுதான்.

வில்லங்கம் ஓரத்தில் இருக்கிறது. தீ இன்னும் வந்து சேராத அந்த மூலையில் கொஞ்சம் கலவை காத்துக் கிடக்கிறது. பின்னால் எரிந்து விரியும் வாயு அதை மேலும் நெருக்குகிறது, மேலும் சுட வைக்கிறது. ஒரு கட்டத்தில் அது தீ வரும்வரை பொறுக்காமல், மொத்தமாகத் தானே பற்றிக்கொள்கிறது. இதுதான் நாக்கிங். மெக்கானிக்குகள் "என்ஜின் தட்டுது" என்பார்கள்.

பெட்ரோலின் ஆக்டேன் எண் சொல்வது இந்த மூலைக் கலவையின் பொறுமையைத்தான். ஹெப்டேன் என்பது ஏழு கார்பன் அணுக்கள் நேர்வரிசையாக நிற்கும் மூலக்கூறு. சூட்டில் ஆக்சிஜன் வந்து ஒட்டியதும் சங்கிலி தன் மேலேயே வளைந்து, ஒரு முனையின் ஹைட்ரஜனை மறுமுனையின் ஆக்சிஜன் பிடுங்கிக்கொள்ள இடம் கொடுக்கிறது. அதிலிருந்து பிறக்கும் துண்டுகள் இன்னும் நாலு மூலக்கூறுகளை உடைக்கின்றன. ஐசோஆக்டேனிலோ கார்பன்கள் கிளைகிளையாகக் கொத்தாக நிற்கின்றன. வளையவும் வசதியில்லை, பிடுங்கவும் சுலபமான ஹைட்ரஜன் குறைவு. ஹெப்டேனுக்கு 0, ஐசோஆக்டேனுக்கு 100 என்று வைத்து அளவுகோல் செய்தார்கள். 91 ஆக்டேன் பெட்ரோல் என்றால், 91 பங்கு ஐசோஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வளவு பொறுக்குமோ அவ்வளவு பொறுக்கும் என்று பொருள்.

இனி எனக்குப் பிரியமான இடத்துக்கு வருகிறேன்.

நாங்குநேரிப் பக்கம் ஒரு கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர்களுக்கு அருகிலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். குடம் அடிக்கிறவர் ஒரு கையில் 'பத்தி' என்கிற பாளை மட்டையால் குடத்தின் வாயில் அடிப்பார், இன்னொரு கையில் காசால் குடத்தின் உடம்பைத் தட்டுவார். வாயில் அடிக்கும்போது வரும் "கும்" மண்ணின் ஓசை இல்லை, உள்ளே இருக்கும் காற்றின் ஓசை. பெரிய குடம் கீழ்ச்சுருதி பேசும், சின்னது மேலே. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஓசை பெரிதாகுமே ஒழிய சுருதி மாறாது. அது குடத்தின் அளவில் எழுதப்பட்டிருக்கிறது.

என்ஜின் சிலிண்டரும் அப்படி ஒரு குடம்தான். கணக்கு கொஞ்சம் வேறு, அடிப்படை ஒன்று. ஓரத்துக் கலவை திடீரென்று பற்றும்போது அந்த ஓரத்தில் மட்டும் அழுத்தம் குதிக்கிறது. அந்த அலை எதிர்ச்சுவரில் மோதித் திரும்புகிறது, மறுபடி மோதுகிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் சுமாருக்குப் போகும். சிலிண்டருக்குள் இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் வாயுவில் அது 900 மீட்டரைத் தாண்டிவிடும். 72 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டருக்குக் கணக்கிட்டால் நொடிக்குச் சுமார் 7,500 அதிர்வு வருகிறது. 86 மில்லிமீட்டர் என்றால் 6,300க்குப் பக்கம். அதாவது ஒரு என்ஜின் நாக் அடித்தால் எந்தச் சுருதியில் அடிக்கும் என்பதை, அந்த என்ஜின் ஓடுவதற்கு முன்பே காகிதத்தில் எழுதிவிடலாம்! இதை முதன்முதலாகக் கணக்குப் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சுருதி முன்கூட்டியே தெரியும் என்பதால்தான் என்ஜினுக்குக் காது வைக்க முடிந்தது. நாக் சென்சார் என்பது உளுந்த வடைபோல நடுவில் ஓட்டையுள்ள சின்ன வளையம். ஒரே போல்ட்டில் என்ஜின் பிளாக்கோடு இறுக்கியிருப்பார்கள். உள்ளே இருப்பது அடுப்பு பற்றவைக்கும் கேஸ் லைட்டரில் இருக்கிற அதே இனப் பொருள். அழுத்தினால் மின்சாரம் தரும் பீசோ பொருள். அந்தக் குணத்தை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். லைட்டரில் ஒரே அடி, ஒரு பொறி. இங்கே பிளாக்கின் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஒரு துளி மின்னழுத்தம்.

என்ஜினில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. வால்வு மூடுகிறது, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் சொடுக்குகிறது, ரோடு வேறு. இந்தச் சந்தைக்கூச்சலில் ஈசியூ, அதாவது என்ஜினை நடத்தும் கணினி, தன் சுருதியை மட்டும் எப்படிப் பிடிக்கிறது? முதலில் 7,500ஐச் சுற்றியுள்ள அதிர்வுகளை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொள்கிறது. பிறகு, ஒவ்வொரு சிலிண்டரும் எரியும் அந்தச் சின்ன இடைவெளியில் மட்டும் காதைத் திறக்கிறது, மற்ற நேரம் மூடிக்கொள்கிறது. அதனால் தட்டியது மூன்றில் எந்தச் சிலிண்டர் என்பதும் தெரிந்துவிடுகிறது. தட்டியவனுக்கு மட்டும் பொறியை, கிராங்க் தண்டு இரண்டு மூன்று டிகிரி சுழலும் நேரத்துக்குத் தாமதப்படுத்துகிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்கு நகர்த்தி, மறுபடி தட்டுகிறதா என்று கேட்டுப் பார்க்கிறது. வண்டி ஓடும் நேரமெல்லாம் இது நடக்கிறது. அந்த ஒற்றை போல்ட்டைச் சொன்ன அளவுக்கு மேலோ கீழோ இறுக்கினால் காது மந்தமாகிவிடும். அதைக் கழற்றி மாட்டும் மெக்கானிக், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் எடுக்கிறாரா என்று பாருங்கள்.

எரியும் அறைக்குள் ஒலி எழுந்து அறையையே உடைப்பது ராக்கெட்டுக்கும் உள்ள தலைவலி. காவல்கிணற்றுக்குப் பக்கத்தில் மகேந்திரகிரியில் இஸ்ரோ விகாஸ் என்ஜினையும் கிரையோஜெனிக் என்ஜினையும் கட்டிவைத்து எரித்துச் சோதிக்கிறது. அந்த மலையடிவாரத்தைப் பார்த்து வளரும் பிள்ளைகள் பொறியியல் படிக்கப் போகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜின் ஒன்று நிற்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இல்லை. வாங்கப் பணம் ஒதுக்கவில்லை. மாணவர்கள் அழுத்த வரைபடத்தைப் புத்தகத்தைப் பார்த்து நோட்டில் வரைகிறார்கள். இது எனக்கு ஆறவில்லை. ஒரு சென்சார், ஒரு பெருக்கி, ஒரு கணினி இருந்தால் போதும், சிலிண்டருக்குள் எழும் அதிர்வைத் தங்கள் கண்ணாலேயே திரையில் பார்த்துவிடுவார்கள். அதற்கப்புறம் யார் வந்து எந்தப் பெட்டியை விற்றாலும் சரியான கேள்வியைக் கேட்பார்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம். பெட்ரோல் டர்போவுக்கு விற்கப்படும் பெட்டிகளில் பெரும்பாலானவை, டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்காருகின்றன. உண்மை அழுத்தம் 2 பார் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார்), சென்சார் அதற்கு 3 வோல்ட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டி அதை 2.7 வோல்ட்டாகக் குறைத்துச் சொல்கிறது. அழுத்தம் போதவில்லை என்று நம்பிய ஈசியூ டர்போவை இன்னும் தள்ளச் சொல்கிறது. உள்ளே 2.2 பார் ஆனபோதுதான் 2 பார் வந்தது என்று திருப்தி அடைகிறது. பத்து சதவீதம் கூடுதல் காற்று. கூடுதல் பெட்ரோலை ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரிசெய்துவிடும். சக்தியும் ஏறத்தாழ அதே பங்கு கூடும்.

ஆனால் பொறி எப்போது விடவேண்டும் என்ற அட்டவணையை ஈசியூ எந்த அழுத்தத்தை வைத்துப் பார்க்கிறது? பொய்யான 2 பாரை வைத்து. அழுத்தம் கூடும்போது பொறியைத் தாமதிக்க வேண்டும். இங்கே அழுத்தம் கூடியிருக்கிறது, பொறி மட்டும் பழைய நேரத்திலேயே விழுகிறது. என்ஜினின் கண்ணைக் கட்டியாகிவிட்டது. மிச்சம் இருக்கும் ஒரே காவல் அந்தக் காது. நம் வெயிலில் 91 ஆக்டேனோடு ஓட்டினால் காது தட்டலைக் கேட்டு, பொறியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். தாமதமாக எரிந்தால் சக்தி குறையும், புகை கூடுதல் சூட்டோடு டர்போவுக்குள் போகும். காசு கொடுத்து வாங்கிய குதிரைசக்தியில் ஒரு பகுதி இப்படிச் சூடாகவே போய்விடும். அதிக ஆக்டேன் பெட்ரோல் அடித்தால் தட்டல் குறையும், அதனால் பெட்டியின் பலன் முழுசாகத் தெரியும். விற்கிறவர்கள் சொல்வதில் இது உண்மை. அவர்கள் சொல்லாதது, பிஸ்டனும் கனெக்டிங் ராடும் கிளட்சும் பழைய அளவுக்குச் செய்தவை என்பதும், ஊர் போன இடத்தில் அந்தப் பெட்ரோல் கிடைக்காமல் சாதா பெட்ரோல் அடிக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதும்.

வண்ணார்பேட்டையில் ஒரு மெக்கானிக் எனக்கு ஒரு பிஸ்டனைத் தினத்தாள் மேல் வைத்துக் காட்டியிருக்கிறார். மேல் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு, கடித்த முறுக்குபோல ஒரு விரல் அகலத்துக்குப் பெயர்ந்திருந்தது. அதே சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பினார். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோலப் புள்ளிகள், நடுநடுவே மினுங்கும் பொடிகள். "இது அலுமினியம் சார், பிஸ்டனோட உடம்பு" என்றார்.

நூறு என்ற எண்ணைப் பார்த்து, அது அதிகச் சத்துள்ள பெட்ரோல் என்று நம்புகிறவர்கள் நிறைய. இதற்கு மறுப்பு இப்போது எல்லாப் பெட்ரோல் பங்கிலும் கிடைக்கிறது. பெட்ரோலோடு கலந்து விற்கும் எத்தனாலின் ஆக்டேன் எண் நூற்றுக்கு மேல். அதன் எரிசக்தியோ கிலோவுக்குக் கிலோ பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. பொறுமைக்கும் சத்துக்கும் சம்பந்தமே இல்லை. புது வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதில் எனக்குச் சண்டை கிடையாது, அதனால் பிஸ்டனுக்குக் கெடுதல் வராது. தட்டாத சாதாரண என்ஜினில் மாசாமாசம் நூறு ஆக்டேன் ஊற்றுவது வெறும் நம்பிக்கை. அதை நம்பிப் பெட்டியும் மாட்டுவது ஆபத்தான நம்பிக்கை.

தம்பியிடம் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்பக்க ஸ்டிக்கரைப் படிக்கச் சொன்னேன். 91 என்றிருந்தது. 95 போட்டுப் பாருங்கள், வெயில் காலத்தில் பிக்கப்பில் வித்தியாசம் தெரிந்தால் உங்கள் ஈசியூ அதுவரை பொறியைப் பின்னுக்கு இழுத்திருக்கிறது என்று அர்த்தம். தெரியாவிட்டால் பழையபடியே அடியுங்கள், பெட்டி வேண்டாம் என்றேன்.

"அப்ப காரையாறு ஏறும்போது இழுக்க மாட்டேங்குதே அண்ணாச்சி?"

எந்தக் கியரில் என்று கேட்டேன். நாலாவதில், 1,500 சுற்றில், ஒரே மிதியாக மிதிக்கிறாராம். சின்ன டர்போ என்ஜின் மிகவும் பயப்படும் இடம் இதுதான். குறைந்த சுற்றில் முழு அழுத்தம் வரும்போது, பிஸ்டன் ஓரத்தில் ஒதுங்கிய ஆயில் துளி பொறி விழும் முன்பே பற்றிக்கொள்ளலாம். பொறியே காரணம் இல்லை என்பதால், பொறியைத் தாமதிக்கிற காதால் இதைத் தடுக்க முடியாது. நூறு ஆக்டேனையும் நம்ப முடியாது. 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி (API SP) என்ற என்ஜின் ஆயில் தரத்தில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. ஆயில் மாற்றும்போது டப்பாவில் அந்த எழுத்து இருக்கிறதா பாருங்கள் என்றேன். பாபநாசம் தாண்டி ஏற்றம் தொடங்கியதுமே மூன்றுக்கு இறக்கி, 2,500 சுற்றுக்கு மேலே வைத்து ஏறச் சொன்னேன்.