கோழி எருவின் நைதரசன் எங்கே போகிறது?

மட்டக்களப்பின் களுதாவளையிலிருந்து அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவில் வரை கடலோரமாக நீளும் தோட்ட நிலம் பெரும்பாலும் மணல். மண்ணியலாளர் றெகோசோல் என வகைப்படுத்தும் இம்மண்ணில் களித்துணிக்கைகளும் சேதனப் பொருளும் மிகக் குறைவாக இருப்பதால், கத்தரிக்கும் மிளகாய்க்கும் இடப்படும் யூரியாவின் ஒரு பகுதியை நீர்ப்பாய்ச்சலே வேருக்குக் கீழே கழுவிக்கொண்டு போய்விடுகிறது. இங்கே எரு தேவைப்படுவது பயிருக்கு ஊட்டம் தருவதற்காக மட்டுமன்று, ஊட்டத்தைப் பிடித்து வைப்பதற்காகவும்தான். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை விதிக்கப்பட்டு அதே ஆண்டிலேயே நீக்கப்பட்டபோது, கோழி எருவின் பெறுமதியைப் பலரும் உணர்ந்தனர். ஆனால் பண்ணையிலிருந்து வந்த எருவை அப்படியே பாத்தியில் கொட்டுவதற்கும் பதப்படுத்தி இடுவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு போதிய அளவு பேசப்படவில்லை.

பறவைகள் நைதரசன் கழிவைப் பெரும்பாலும் யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. எச்சத்தின் மேல் காணப்படும் வெண்படிவு அதுவே. உலர்ந்த நிறையில் மாட்டெருவைப்போல் ஏறக்குறைய இருமடங்கு நைதரசன் கோழி எச்சத்தில் இருக்கிறது. ஈரம் பட்டவுடன் நுண்ணங்கிகள் யூரிக் அமிலத்தை யூரியாவாகவும், யூரியாவை அமோனியாவாகவும் மாற்றுகின்றன. கோழிக்கூட்டில் கண்ணை எரிக்கும் வாடை, விவசாயி பணம் கொடுத்து வாங்கிய நைதரசன் காற்றில் போவதன் வாடைதான். அதே அமோனியா பச்சை எருவிலிருந்து மண்ணில் வெளிப்படும்போது, எருவிலுள்ள உப்புகளும் சேர்ந்துகொள்ள, இளநாற்றுகளின் வேர் கருகிவிடுகிறது.

இந்த இழப்பைத் தடுப்பது காபன். நுண்ணங்கிகள் நைதரசனைத் தம் உடலில் கட்டிக்கொள்ள வேண்டுமானால், ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு வரை காபன் வேண்டும்; கோழி எச்சத்திலோ ஏறக்குறைய 10 பங்குதான் உண்டு. பெரும்போக அறுவடைக்குப் பின் வயல்களில் எரிக்கப்படும் வைக்கோல் இந்தக் குறையை நிரப்பக்கூடியது. பலரும் உமியைச் சேர்த்தால் போதும் என எண்ணுகின்றனர். உமியிலும் காபன் நிறைய உண்டு, ஆயினும் லிக்னினும் சிலிக்காவும் அதைக் கவசம்போல் மூடியிருப்பதால் சில மாதங்களில் நுண்ணங்கிகளால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. ஆகவே உமி குவியலுக்குள் காற்றுப் புக இடம் தருகிறது. உணவு தருவது வைக்கோலே. கூட்டின் தரையில் உமி பரப்பி வளர்த்த இறைச்சிக் கோழிகளின் எருவிலும், பார்வைக்கு உமி நிறைந்திருந்தாலும், வைக்கோல் சேர்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

எருவையும் வைக்கோலையும் கலந்து, கையால் பிழிந்தால் ஓரிரு துளி கசியும் அளவு ஈரத்துடன் ஒரு மீற்றர் உயரத்துக்குக் குவித்தால், சில நாட்களில் உட்பகுதி 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடேறும். சல்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் அழிவது இந்தச் சூட்டில்தான். வெளிப்பகுதி அவ்வளவு சூடேறாது. எனவே இரு வாரங்களுக்காவது அந்தச் சூடு நிலைக்க, அதற்குள் ஐந்து தடவைகளேனும் உள்ளும் புறமும் இடம் மாறும்படி புரட்ட வேண்டும். 70 பாகையைத் தாண்டினால் பயனுள்ள நுண்ணங்கிகளே மடியத் தொடங்கும். எருவைப் பையில் இறுக்கிக் கட்டிச் சில மாதம் வைத்துவிட்டுப் பதப்படுத்தியது என்று விற்பதை ஏற்க முடியாது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் இந்தச் சூடு எழுவதில்லை. மே முதல் ஓகஸ்ட் வரை வீசும் கச்சான் காற்று குவியலை விரைவில் உலர்த்திவிடுமாதலால், அப்போது நீர் தெளித்து ஓலையால் மூட வேண்டும். புரட்டிய பின்னும் மீண்டும் சூடேறாமல், அமோனியா வாடை நீங்கி மண்வாசம் வீசினால் எரு பதமாகிவிட்டது. ஐயமிருந்தால் சிறிதளவை மண்ணுடன் கலந்து பயறு முளைக்கவைத்துப் பார்க்கலாம்.

பதமான எருவின் மக்கிய சேதனப் பொருள் எதிர்மின்னேற்றம் கொண்டது. அதனால் நேர்மின்னேற்றமுள்ள அமோனியம், பொற்றாசியம், கல்சியம் ஆகியவற்றை அது பிடித்து வைக்கிறது. மணலின் நீர்கொள்ளும் திறனையும் கூட்டுகிறது. ஆனால் மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றியதும் இந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது, ஏனெனில் நைத்திரேற்றும் எதிர்மின்னேற்றம் உடையது. வடகீழ்ப் பருவமழையின் முன்பு முழு எருவையும் ஒரே தடவையில் இட்டால், நைத்திரேற்று ஆழமற்ற கிணறுகளின் நீரில் சேரும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதற்கு மேற்பட்ட நீர் பால்மாக் கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. ஆதலால் எருவைப் பிரித்து, பயிர் வேரூன்றிய பின் ஒரு பகுதியும் பூக்குமுன் இன்னொரு பகுதியுமாக இடுவதும், கிணற்றைச் சுற்றிச் சில மீற்றர் தூரத்தை வெறுமையாக விடுவதும் வேண்டும்.

பொசுபரசின் கணக்கு வேறு. பயிரின் நைதரசன் தேவை முழுவதையும் கோழி எருவாலேயே நிறைவேற்ற முனைந்தால், பயிர் எடுப்பதைவிட மிகுதியான பொசுபரசு ஆண்டுதோறும் மண்ணில் தேங்கும். முட்டைக் கோழியின் எருவில் தீவனச் சுண்ணாம்பும் மிகுதி. சிப்பித்தூள் கலந்த கரையோர மணலில் அது காரத்தன்மையை மேலும் உயர்த்தி, இரும்பும் நாகமும் (துத்தநாகம்) பயிருக்குக் கிட்டாமல் செய்யக்கூடும். ஆகவே பொசுபரசுத் தேவையை அளவுகோலாக வைத்து எருவை இட்டு, குறைகிற நைதரசனைச் சிறிதளவு யூரியாவாலோ இடைப்போகத்தில் வளர்க்கும் பயறு வகைகளாலோ ஈடுசெய்வதே இந்த மணலுக்குப் பொருத்தம்.