"அக்கறை இல்லை" என்று எழுதும் முன்

திருப்பூர் வட்டாரப் பள்ளிகளில் உளவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். ஆசிரியர்கள் ஒரு குழந்தையை என்னிடம் அனுப்பும்போது குறிப்பு ஒன்றும் எழுதி அனுப்புவார்கள். அவற்றில் நான் அதிகம் படித்த வரி, "பெற்றோருக்கு அக்கறை இல்லை."

ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் குறிப்பில் கூடுதலாக ஒரு வரி இருந்தது: "குறை சொல்லும்போது தாய் சிரிக்கிறார்." ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். தாய்க்குப் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை. தமிழில் நாலைந்து சொற்கள்தான் தெரியும். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவரைத் தனியே வரச் சொன்னேன். அதே கம்பெனியில் செக்கிங்கில், அதாவது தைத்த துணியில் குறை பார்க்கும் வேலையில் இருக்கும், இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பெண் துணைக்கு வந்தார். பத்து நிமிடத்தில் விஷயம் புரிந்துவிட்டது. ஆசிரியர் பேசியதைத் தாய்க்கு மொழிபெயர்த்தவள் அந்தச் சிறுமியேதான். "வீட்டுப்பாடம் எழுதுவதில்லை, வகுப்பில் கவனமே இல்லை" என்று ஆசிரியர் சொன்னதை, "நன்றாகப் படிக்கிறேனாம்" என்று சொல்லியிருக்கிறாள். மகளைப் பாராட்டுகிறார்கள் என்று நம்பிய தாய் சிரிக்காமல் என்ன செய்வார்?

அவளைப் பொய் சொல்பவள் என்று நான் சொல்ல மாட்டேன். தன்மீதான புகாரைத் தன் தாயிடம் தானே எடுத்துச் சொல்லும் சுமையைப் பத்து வயதுக் குழந்தையின் தலையில் ஏற்றியது பெரியவர்களாகிய நாம்தான். எந்தச் சூழலிலும் குழந்தையை அதன் சொந்த வழக்குக்கு மொழிபெயர்ப்பாளராக நிறுத்தாதீர்கள். பெற்றோரோடு வேலை பார்ப்பவர்களிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் கிடைப்பார்.

ஆசிரியருக்கு இன்னொரு மனத்தாங்கலும் இருந்தது. அந்தத் தாய் நாற்காலியில் உட்காரவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, பார்வையைத் தாழ்த்தியபடி நின்றார். "முகம் கொடுத்தே பேசவில்லை" என்றார் ஆசிரியர். நம் மொழியில் முகம் கொடுப்பதுதான் மதிப்பு. அவருடைய ஊரிலோ மூத்தவர்கள் முன் முக்காடிட்டு, குனிந்து நிற்பதே மதிப்பு. அவர் காட்டிய மரியாதை ஆசிரியரின் கண்ணுக்கு அலட்சியமாகத் தெரிந்திருக்கிறது.

வெளிமாநிலத்தவரோடு மட்டும்தான் இப்படி நேரும் என்று எண்ண வேண்டாம். நெல்லைச் சீமையிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவர் பையன்களை "ஏலே" என்று கூப்பிடுவார். அங்கே அது பாசம். கண்ணு, சாமி என்று பிள்ளைகளை அழைத்துப் பழகிய கொங்குக் குடும்பத்துக்கு அது இழிவாகக் கேட்டது. தந்தை நேராகத் தலைமையாசிரியரிடம் போய்விட்டார். "இந்த ஊர்க்காரர்கள் எதற்கெடுத்தாலும் சண்டைக்கு வருகிறார்கள்" என்று ஆசிரியரும் மனம் கசந்து போயிருந்தார். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தேன். தன்னை இன்றைக்கும் தன் தாய் தொலைபேசியில் "ஏலே" என்றுதான் அழைக்கிறார் என்று ஆசிரியர் சொன்னதும், அந்தத் தந்தையின் குரல் தணிந்துவிட்டது.

இது வழக்குச் சொல்லால் வந்த குழப்பம், பேசினால் தீர்ந்துவிடும். சாதியும் வசதியும் பார்த்து மரியாதை மாறுவது அப்படியல்ல. அதைச் செய்கிறவர்களே பல நேரம் உணர்வதில்லை. ஒரே அறையில், அரை மணி நேர இடைவெளியில் நான் கேட்டவை இவை. காரில் வந்த தந்தையிடம், "வாங்க சார், உட்காருங்க." தூய்மைப் பணி முடித்துச் சீருடையோடு ஓடிவந்த தாயிடம், "என்னம்மா, பிள்ளையைக் கவனிக்க மாட்டியா?" 'அம்மா' என்று ஒட்டுப் போட்டுவிட்டால் மரியாதை வந்துவிட்டதாக நினைக்கிறோம். 'மாட்டியா' என்ற வினை நம்மைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதன் பிறகு நாம் எதைக் கேட்டாலும் அந்தத் தாய் "சரிங்க சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டால், அதையும் அக்கறையின்மைக் கணக்கிலேயே எழுதுகிறோம்.

"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் சார்" என்று பெற்றோர் சொல்வதைக் கேட்காத ஆசிரியர் நம் ஊரில் இருக்க முடியாது. புதிதாகப் பணிக்கு வந்தவர்கள் இதைக் கேட்டுப் பதறுகிறார்கள்; பழையவர்களில் சிலர் அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. எந்தப் பெற்றோராலும் அந்த அனுமதியைத் தர முடியாது. ஆனால், எனக்குப் படிப்பு தெரியாது, உங்களை நம்பி ஒப்படைக்கிறேன் என்பதைத்தான் பலர் அந்த வார்த்தையில் சொல்கிறார்கள். "அடிக்க மாட்டேன், வீட்டில் அவன் எப்படி இருக்கிறான் என்று சொல்லுங்கள்" என்று பதில் சொல்லிப் பாருங்கள், பேச்சு தொடரும். வீட்டில் அடி உண்மையிலேயே விழுகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில வீடுகளில் விழுகிறது.

பெற்றோர் பக்கமும் தவறு உண்டு. "எந்த ஊர், எந்தத் தெரு" என்று ஆசிரியரின் சாதியைத் துழாவுவதும், இளம் ஆசிரியையிடம் "உங்களுக்குப் பிள்ளை பிறந்தால்தான் தெரியும்" என்பதும் அவர்களைக் காயப்படுத்துகின்றன. காயப்பட்ட ஆசிரியர் அடுத்த முறை அந்தப் பெற்றோரிடம் மனம் விட்டுப் பேச மாட்டார்.

பெற்றோரை முறையாகச் சந்தித்து, குழந்தையின் வருகையையும் கற்றலையும் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு. எத்தனை மணிக்குச் சந்திப்பது என்பது நம் கையில் இருக்கிறது. ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார். வாரநாளில் பிற்பகல் மூன்று மணிக்கு அழைத்தால், சனிக்கிழமைச் சம்பளத்தில் அது குறையும். வராதவரைப் பற்றி "அக்கறை இல்லை" என்று எழுதாமல், "இரண்டு முறை அழைத்தோம், வரவில்லை; வேலை நேரத்தைக் கேட்கவில்லை" என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். அப்படி எழுதும்போதே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அந்த ஒடியாத் தாயை மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆசிரியர் சந்தித்தார். செக்கிங் வேலை பார்க்கும் பெண் மொழிபெயர்த்தார். ஆசிரியர் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டதும் தாய் உட்கார்ந்தார். மகள் பள்ளி விட்டு வந்ததிலிருந்து, தான் வீடு திரும்பும்வரை இரண்டு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்வது அவள்தான் என்று அப்போதுதான் சொன்னார். இப்போது அவள் மதிய உணவு இடைவேளையில், ஆசிரியரின் மேசையோரமாக உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை எழுதிவிட்டுப் போகிறாள்.