56கே மோடம் ஏன் 31,200-இல் நின்றது?

1998-இல் அமெரிக்காவிலிருந்து வந்த மாமா, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு, டெலிபோன் லைன் வழியாகக் கணினியை இணையத்தோடு சேர்க்கும் ஒரு மோடம் வாங்கி வந்தார். பெட்டியில் பெரிதாக 56கே, அதாவது வினாடிக்கு 56,000 பிட், என்று போட்டிருந்தது. மாட்டினால் டயல் செய்யவே மறுத்தது. டயல் டோன் இல்லை என்றது. ரிசீவரைக் காதில் வைத்தால் டோன் நன்றாகவே கேட்டது. அந்த மோடம் எதிர்பார்த்தது அமெரிக்க டோன். டர்பன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் டோன் வேறு. டோனுக்குக் காத்திராமல் டயல் செய் என்று சொல்லும் ஏ.டி.எக்ஸ்.3 கட்டளையைக் கொடுத்ததும் வேலை செய்தது. ஆனால் கிடைத்தது வினாடிக்கு 31,200 பிட்தான். உள்ளூர் அழைப்புக்கும் நேரக்கணக்கில் காசு கட்டிய காலம் அது, அதனால் காரணம் தெரியாமல் எனக்கு மனம் ஆறவில்லை.

டெலிபோன் லைன் மனிதக் குரலுக்காகப் போட்டது. சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் அது கடத்தும். கணினியின் பிட்டுகளை அந்த எல்லைக்குள் அடங்கும் ஒலியாக மாற்றுவதும், எதிர்முனையில் அதைத் திரும்பப் பிட்டாக்குவதும் மோடத்தின் வேலை. எப்படி மாற்றுவது என்பதில் இரண்டு முனைகளும் ஒத்துப்போக வேண்டும் அல்லவா? அதற்காகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்தவைதான் ‘வி’ வரிசைத் தரங்கள். வி.21-இல் 300 பிட், வி.32-இல் 9,600, 1994-இல் வந்த வி.34-இல் 28,800, பிறகு அதே தரத்தில் 33,600.

அதற்கு மேல் போக முடியாது என்றே பலரும் நினைத்தார்கள். எக்ஸ்சேஞ்ச் நம் ஒலியை வினாடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட் எண்ணாக எழுதுகிறது. அளவை 256 படிகளில் ஒன்றுக்குச் சரிக்கட்டுவதால் சிறு பிழை விழும். அந்தப் பிழைதான் லைனில் இரைச்சலாகி, வேகத்தை ஏறத்தாழ 35,000-இல் தடுத்தது.

56கே-யின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது, எனக்கு இன்றும் வியப்புத் தருவது இதுதான். இணைய நிறுவனம் எக்ஸ்சேஞ்சோடு டிஜிட்டலாகவே இணைந்திருந்தால், அந்தப் பக்கம் அளக்கும் வேலையே இல்லை. அங்கிருந்து எண்களாகவே புறப்படுகின்றன. நம் எக்ஸ்சேஞ்ச் அவற்றை மின்னழுத்தப் படிகளாக மாற்றி வீட்டுக்கு அனுப்ப, மோடம் எந்தப் படி வந்தது என்று கண்டுபிடிக்கிறது. மிக நெருக்கமான படிகளைப் பிரித்தறிவது கடினம் என்பதால் 7 பிட் மட்டும் கணக்கு: 8,000 பெருக்கல் 7, ஆக 56,000. நடைமுறையில் 45,000 கிடைத்தாலே அது நல்ல லைன். நாம் அனுப்பும் திசையில் எக்ஸ்சேஞ்ச் அளந்தே தீர வேண்டும், எனவே அங்கே பழைய 33,600தான்.

சரி, எங்கள் மோடத்துக்கு என்ன வந்தது? 1997-இல் இந்த நுட்பம் இரண்டு வடிவங்களில் கடைக்கு வந்தது: யு.எஸ். ரோபோடிக்ஸின் எக்ஸ்2, ராக்வெல்லும் லூசென்ட்டும் சேர்ந்த கே56ஃப்ளெக்ஸ். ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. மாமா வாங்கியது எக்ஸ்2. எங்கள் இணைய நிறுவனத்தில் இருந்தது மற்றது. இரண்டுக்கும் பொதுவாகத் தெரிந்தது வி.34 மட்டுமே என்பதால் அதற்கு இறங்கிவிட்டன. 1998-இல் வி.90 என்ற பொதுத் தரம் வந்தது. நிறுவனமும் அதற்கு மாறியது; எங்கள் மோடத்தின் உள் மென்பொருளை மாற்ற முடிந்ததால் 44,000 கிடைத்தது. அதனால்தான் அந்தக் காலத்தில் யார் கேட்டாலும், முதலில் உங்கள் இணைய நிறுவனத்தில் என்ன தரம் என்று விசாரியுங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள் என்றேன்.

இணையும்போது கேட்கும் அந்தக் கீச்சொலி முழுக்க இந்தப் பேச்சுவார்த்தைதான். முதலில் எதிர்முனை 2,100 ஹெர்ட்ஸ் ஒலி தருகிறது. பிறகு, உனக்கு என்னென்ன தரம் தெரியும் என்று பழைய 300 பிட் வேகத்திலேயே விசாரித்துக்கொள்கின்றன. அதன்பின் பல சுருதிகளை அனுப்பி, லைன் எதைத் தாங்கும், எதைக் கெடுக்கும் என்று சோதிக்கின்றன.

வாங்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருந்தது. கணினிக்குள் பொருத்தும் விலை குறைந்த உள்மோடங்கள் பலவற்றில் கணக்குப் போடும் சில்லு இருக்கவில்லை. அந்த வேலையைக் கணினியே செய்தது. விண்டோஸ் இல்லாவிட்டால் அவை பெரும்பாலும் ஓடவில்லை. முடிந்தால் வெளியே வைக்கும் மோடமே நல்லதாக இருந்தது. டர்பனின் கோடைமழையில் இடி இடித்தால் லைனைக் கழற்றிவிடுங்கள்; மின்னல் டெலிபோன் கம்பி வழியாகவும் வரும்.

பின்னாளில் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் இருந்த அக்காவும் அதே மாதிரி மோடத்தை வாங்கினாள். அவளுக்கு 26,400-ஐத் தாண்டவே இல்லை. அந்தத் தெருவில் ஒரே செம்புக்கம்பியை இரண்டு வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். அது ஒலியை வழியில் இன்னொரு முறை அளந்து மாற்றியது; அங்கேயே வி.90 செத்துவிடும். மோடத்தை மாற்றிப் பயனில்லை, தனிக் கம்பி கேள் என்றேன். கம்பி மாறிய அன்று சாயங்காலமே, 42,667 என்று போன் செய்து சொன்னாள்.