ஞ எழுதத் தெரிந்தால் போதும்

வாடிப்பட்டியில் அக்கா வீட்டுக் காலைச் சாப்பாடு. தட்டில் இருந்த இட்லியில் சட்னித் தாளிப்பிலிருந்து இரண்டு கடுகு அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே கொஞ்சம் வளைந்த ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு.

"மாமா, இட்லி என்னையப் பாத்துச் சிரிக்குது" என்றாள் அக்கா மகள். ஐந்தாம் வகுப்பு.

அதை அப்படியே வரை பார்ப்போம் என்றேன். "எனக்கு வரைய வராது மாமா" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பாதி வேலையை அவள் மூளை ஏற்கெனவே முடித்திருந்தது. மூளையின் அடிப்பக்கத்தில், மற்ற பொருள்களைவிட முகங்களைப் பார்க்கும்போது மிக அதிகமாகச் சுறுசுறுப்படையும் ஒரு பகுதி இருக்கிறது. நான்சி கான்விஷர் என்ற மூளை ஆராய்ச்சியாளரின் குழுவினர் 1997இல் அதை விவரித்தார்கள். மூளைக்கு முக விஷயத்தில் கொஞ்சம் அவசரம் அதிகம். இரண்டு புள்ளியும் கீழே ஒரு கோடும் கிடைத்தால் போதும், முகம் என்று முடிவுகட்டிவிடும். இட்லியோ, பஸ்ஸின் முன்பக்கமோ, சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டோ, எதுவானாலும் சரி.

ஆனால் கோடு எப்படி மூக்காகத் தெரிகிறது? நம் மூக்கைச் சுற்றிக் கறுப்புக் கோடு எதுவும் ஓடவில்லையே. ஹூபல், வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனையின் மூளையை ஆராய்ந்தபோது, பார்வைப் பகுதியின் நரம்புச் செல்கள் பல, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் விளிம்புகளுக்குத்தான் துடிக்கின்றன என்று கண்டார்கள். 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பென்சில் கோடும் அந்தச் செல்களைத் தட்டி எழுப்புகிறது. நிழல், நிறம், தோல் எதுவும் இல்லாமலே கார்ட்டூன் தப்பித்துக்கொள்வது இதனால்தான்.

சிலேட்டை எடுத்தோம். ஒரு வட்டம், இரண்டு புள்ளி, நேர்கோடாக வாய். புருவத்தின் உள்முனையைத் தாழ்த்தினால் கோபம். அதே முனையை உயர்த்தினால் அழப்போகிற முகம். வாயைத் தொடவே இல்லை. மூன்று புருவம், மூன்று வாய் என்று மாற்றி மாற்றிச் சேர்த்தால் ஒன்பது ஆட்கள். கோபப் புருவத்துக்குச் சிரிக்கிற வாயைப் போட்டதும் ஒரு வில்லன் வந்தான். அவனை மட்டும் நாலு தடவை வரைந்தாள். எவ்வளவு மோசமாகக் கிறுக்கினாலும் முகத்தில் ஒரு குணம் வந்து உட்கார்ந்துவிடும் என்பதை, ஜெனீவாவில் பள்ளி நடத்திய ரொடோல்ஃப் டோப்ஃபர் 1845லேயே எழுதி வைத்துவிட்டார்.

அப்புறம் ஆள் அடையாளம். எங்கள் பக்கத்து ஊர் எல்லைகளில் நிற்கும் கருப்பசாமியை நினைத்துக்கொள்ளுங்கள். பிதுங்கிய கண், கன்னத்தைத் தாண்டும் மீசை. ஓடுகிற பஸ்ஸிலிருந்து அரை நொடி பார்த்தாலும் யாரென்று தெரிந்துவிடும். 1987இல் வெளியான ஒரு ஆய்வில், தெரிந்த முகத்தை உள்ளபடி வரைந்த கோட்டோவியத்தைவிட மிகைப்படுத்தி வரைந்ததை மக்கள் வேகமாக அடையாளம் கண்டார்கள். சராசரி முகத்திலிருந்து ஒருவர் எங்கே விலகுகிறார் என்பதைத்தான் மூளை குறித்துவைக்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். அச்சு அசலாக வரையாதது கார்ட்டூனில் குறையே இல்லை.

நாலு வயதில் தலையிலிருந்தே கால் முளைக்கும் மனிதர்களை இவளும் சுவரெல்லாம் வரைந்தவள்தான். ஒன்பது பத்து வயதில் கண் கறாராகிவிடுகிறது, கை அதே இடத்தில் நிற்கிறது. வரைந்ததைப் போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்து, வராது என்று பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஞ என்ற எழுத்தைப் பாருங்கள், எத்தனை வளைவு! அதை எழுதப் பழகிய கைக்கு ஒரு மூக்கு என்ன பெரிய காரியம்? ஞ எழுத வராத பிள்ளையிடம், உனக்கு அந்தத் திறமை பிறவியிலேயே இல்லை என்று எந்த டீச்சரும் சொன்னதில்லை. இன்னொரு பக்கம் எழுதிக்கொண்டு வா என்பார்கள், அவ்வளவுதான்.

மத்தியானம் என்னையே வரைந்தாள். வட்டம், கண்ணாடி, மூன்று முடி, நடுவில் கத்தரிக்காய் மாதிரி ஒரு மூக்கு. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா யாரென்று கேட்கவே இல்லை.

"ஏண்டி, மாமா மூக்க இம்புட்டுச் சிறுசாவா போடுவ?"