விசா கிடைத்துவிட்டது, திரும்பி வர வழி இருக்கிறதா?

பெங்களூர் அல்சூரில் டிக்கெட், விசா வேலை பார்க்கிற சின்ன அலுவலகம் என்னுடையது. சிவாஜிநகர், விவேக்நகர், ராமமூர்த்தி நகர் பக்கத்துத் தமிழர்கள்தான் அதிகம் வருவார்கள். துபாய், சிங்கப்பூர் டிக்கெட்டுகளுக்கு நடுவே கொஞ்ச வருஷமாக இன்னொரு கேள்வியும் வருகிறது: "சார், அங்கே சண்டை நடக்குதே, போகலாமா?" கேட்பவர்கள் சாகசம் தேடுகிறவர்கள் இல்லை. ஜெருசலேம் யாத்திரைக்காக மாதாமாதம் பணம் கட்டிச் சேர்த்த சர்ச் குழுவினர், டெல் அவிவில் மீட்டிங் இருக்கிற ஐ.டி. பையன், உக்ரைன் கல்லூரியிலிருந்து சான்றிதழ் வாங்க வேண்டிய பெண், இப்படித்தான்.

இவர்களில் பாதிப் பேர் ஒரே வாதத்தோடு வருகிறார்கள். "விசா குடுத்துட்டாங்களே சார், ஆபத்துன்னா குடுப்பாங்களா?" கொடுப்பார்கள். விசா அதிகாரி பார்ப்பது நீங்கள் யார், கையில் பணம் இருக்கிறதா, வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவீர்களா என்பதைத்தான். உங்கள் ஹோட்டல் மேல் ஏவுகணை விழுமா என்பது அவர் மேஜைக்கு வருகிற கேள்வியே இல்லை. அதனால் போர் நடக்கும் நாட்டுக்கு யாராவது டிக்கெட் கேட்டால் நான் வெளியே வரும் வழியிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவேன்.

2025 ஜூன் 13 அதிகாலையில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. சில மணி நேரத்துக்குள் இஸ்ரேலின் பென் குரியன் விமான நிலையம் மூடப்பட்டது. ஈரான், ஈராக், ஜோர்டான் வான்வெளியும் மூடியது. ரிட்டர்ன் டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அது வெறும் காகிதம். இந்திய அரசு 'ஆபரேஷன் சிந்து' என்ற பெயரில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அழைத்து வந்தது. ஆனால் எப்படி? இஸ்ரேலில் இருந்தவர்கள் சாலை வழியாக ஜோர்டானுக்கும் எகிப்துக்கும் போய் அங்கிருந்து விமானம் ஏறினார்கள். ஈரானில் இருந்த மாணவர்கள் பஸ்ஸில் ஆர்மீனியா எல்லையைக் கடந்தார்கள். இன்னும் சிலர் துர்க்மெனிஸ்தான் வழியாக வந்தார்கள். அதாவது, மாட்டிக்கொண்ட நாட்டின் விசாவை விட, பக்கத்து நாடு இந்திய பாஸ்போர்ட்டை எப்படி நடத்துகிறது என்பதே அன்றைக்கு முக்கியமாக இருந்தது.

எனவே பயணத் திட்டத்தில் ஒரு பக்கத்து நாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தரை எல்லை, எத்தனை மணிக்குத் திறக்கும், அங்கேயே விசா தருவார்களா என்று பாருங்கள். நாட்டின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது, எந்த வாசல் என்றும் பார்க்க வேண்டும். ஜோர்டானையே எடுத்துக்கொள்வோம். விமான நிலையத்தில் இறங்கி விசா வாங்கிக்கொள்கிற நாட்டவருக்குக்கூட, பாலஸ்தீன மேற்குக் கரைப் பகுதியிலிருந்து வருகிற கிங் ஹுசைன் பால எல்லையில் விசா தரமாட்டார்கள். ஜோர்டான், இஸ்ரேல், எகிப்து என்று மூன்றையும் சேர்த்துப் போகிற யாத்திரைக் குழுவினர் மூன்று நாட்டு விசாவையும் பெங்களூரிலேயே முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று டூர் லீடர் சொன்னால், எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

உக்ரைனில் நிலைமையே வேறு. 2022 பிப்ரவரி 24 முதல் அங்கே பயணிகள் விமானம் கிடையாது. போலந்து, ருமேனியா போன்ற பக்கத்து நாடுகளில் இறங்கி ரயிலிலோ பஸ்ஸிலோதான் போக வேண்டும். போலந்து எல்லையோரம் இருக்கிற பிஷெமிஷில் நகரத்திலிருந்து உக்ரைன் தலைநகர் கீவுக்கு ரயில் இருக்கிறது. பெரும்பாலோர் போவது அதில்தான். ஆக, நமக்கு உக்ரைன் விசாவோடு, போலந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவும் வேண்டும். இங்கேதான் ஆட்கள் சிக்குகிறார்கள். விண்ணப்பத்தில் சிங்கிள் என்ட்ரி என்று டிக் அடித்துவிட்டால், போலந்தில் நுழையும்போதே அது செலவாகிவிடும். உக்ரைனுக்குள் போனபின் திரும்ப போலந்துக்குள் விடமாட்டார்கள். வெளியே பறக்க விமானமும் இல்லாத நாட்டில் நிற்பீர்கள். மல்டிபிள் என்ட்ரி கேளுங்கள், ஏன் வேண்டும் என்று கவரிங் லெட்டரில் ரயில் விவரத்தோடு எழுதுங்கள்.

அதே விண்ணப்பத்தோடு எடுக்கிற ஷெங்கன் இன்ஷூரன்ஸை நம்பி உள்ளே போவது அடுத்த தப்பு. குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்கச் சொல்வார்கள், எடுத்துவிடுவோம். அது ஷெங்கன் நாடுகளுக்கு மட்டும். ரயில் எல்லையைத் தாண்டியதும் அந்த பாலிசிக்கு அங்கே வேலை இல்லை.

இன்ஷூரன்ஸ் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் விற்கிற சாதாரண பயணக் காப்பீடு எதை எடுத்தாலும், விலக்குகள் பக்கத்தில் போர், படையெடுப்பு, உள்நாட்டுப் போர் என்ற வரி இருக்கும். அதற்குக் கீழே, யாரும் படிக்காத இன்னும் இரண்டு விஷயங்கள் பல பாலிசிகளில் வரும். அரசு போக வேண்டாம் என்று அறிவித்த இடத்துக்குப் போனால் பொறுப்பில்லை என்பது ஒன்று. பாலிசி வாங்கும்போதே ஊருக்கெல்லாம் தெரிந்திருந்த நிகழ்வுக்குப் பணம் கிடையாது என்பது மற்றது. பிரேசர் டவுனிலிருந்து வந்த ஒரு பெரியவர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், என்னிடம் கோபமாகவே கேட்டார்: "எனக்கு நெஞ்சு வலிச்சா அதுக்கும் சண்டைக்கும் என்ன தம்பி சம்பந்தம்?" நியாயமான கேள்வி. ஆனால் சில பாலிசிகளில் அறிவிப்பை மீறிப் போனாலே மொத்தப் பாதுகாப்பும் போய்விடும், நெஞ்சு வலியும் சேர்த்துத்தான். கம்பெனிக்கு மெயில் போடுங்கள்: இந்தத் தேதியில், இந்த நாட்டுக்கு, இந்திய அரசின் இந்த அறிவிப்பு அமலில் இருக்கும்போது போனால், போரோடு தொடர்பில்லாத மருத்துவச் செலவு கிடைக்குமா? பதிலும் மெயிலிலேயே வர வேண்டும். போனில் "எல்லாம் கவர் ஆகும் மேடம்" என்று சொல்கிற குரல், கிளெய்ம் வரும் நாளில் வேறு கம்பெனிக்குப் போயிருக்கும். போர் ஆபத்தையும் சேர்த்துக் கொடுக்கிற தனி பாலிசிகள் உலகச் சந்தையில் இருக்கின்றன. விலை கூடுதல். அந்த விலையைப் பார்த்தே பலர் பயணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள், எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வெளியுறவு அமைச்சகமும் தூதரகமும் போடுகிற அறிவிப்பில் தேதியையும் வாசகத்தையும் கவனியுங்கள். 2022 பிப்ரவரி 15 அன்று கீவ் தூதரகம் சொன்னது, தங்குவது அவசியமில்லாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறுவதைப் பரிசீலிக்கலாம் என்று. 20ஆம் தேதி வாசகம் இறுகியது. 24ஆம் தேதி போர். அரசாங்க மொழியில் 'பரிசீலிக்கலாம்' என்று வந்தால் அன்றைக்கே டிக்கெட் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். அதன்பின் நடந்த மீட்புப் பணியான 'ஆபரேஷன் கங்கா'வில் 90 விமானங்களில் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள், ஆனால் அந்த விமானங்கள் கிளம்பியது பக்கத்து நாடுகளிலிருந்து. எல்லை வரை வந்து சேர்வது பெரும்பாலும் அவரவர் பாடாக இருந்தது. மார்ச் 1ஆம் தேதி கார்கிவில் உணவு வாங்க வெளியே வந்த நம் கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்து மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்தார். அவர் உடல் பெங்களூர் வந்தது மார்ச் 21ஆம் தேதி.

சில நாடுகளுக்கு அறிவிப்பு மட்டுமல்ல, சட்டமே குறுக்கே நிற்கும். 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, ஆயுத மோதல் நடக்கிற ஒரு நாட்டுக்கு இந்திய பாஸ்போர்ட் செல்லாது என்று மத்திய அரசு அறிவிக்கலாம். ஏமனுக்கு 2017இல் அப்படித் தடை போட்டார்கள். சிறப்பு அனுமதி இல்லாமல் வேறு நாடு சுற்றி அங்கே போனால் பாஸ்போர்ட்டையே இழக்க நேரிடும். யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு "ஈரானுக்கு விசாவே வேண்டாமாமே" என்று வருகிறவர்களுக்கு: 2024 பிப்ரவரியில் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு அந்தச் சலுகை வந்தது உண்மை. வேலை ஆசை காட்டி வரவழைத்து ஆட்களைக் கடத்திய சம்பவங்களுக்குப் பிறகு 2025 நவம்பர் 22 முதல் அதை நிறுத்திவிட்டார்கள்.

பணம். ரஷ்யாவில் 2022 மார்ச் முதல் நம் வங்கிகளின் விசா கார்டு, மாஸ்டர்கார்டு வேலை செய்யாது. ஈரானிலும் அப்படித்தான். பொதுவாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் நோட்டாகத் தருவார்கள். ஆனால் ரிசர்வ் வங்கி விதியில் ஈராக், லிபியாவுக்கு 5,000 டாலர் வரை, ஈரான், ரஷ்யாவுக்கு இன்னும் தாராளமாக, விலக்கு உண்டு. ஃபாரெக்ஸ் கவுன்டரில் இருக்கிற பையனுக்கு இது தெரியாமல் இருக்கலாம், நீங்கள் தெரிந்துகொண்டு போங்கள்.

போய்ச் சேர்ந்தபின்: ஹோட்டலில் சாவி வாங்கும்போதே பதுங்கிடம் எங்கே என்று கேளுங்கள். சைரன் ஒலித்தால் ஜெருசலேமில் 90 விநாடி கிடைக்கும், காசா ஓரத்தில் 15. முட்டி வலி உள்ள அம்மாவுக்கு ஏழாவது மாடி அறை வேண்டாம். கீவில் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஊரடங்கு. சோதனைச் சாவடியையோ குண்டு விழுந்த இடத்தையோ படமெடுத்து ரீல்ஸ் போடாதீர்கள், உக்ரைனில் அதற்குச் சிறைத் தண்டனை வரை உண்டு.

சான்றிதழ் கேட்டு வந்த பெண்ணுக்கு நான் டிக்கெட் போடவில்லை. ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்க வைக்கிற அரசு முத்திரைதான் அப்போஸ்டில்; இந்தியாவும் உக்ரைனும் அந்த உடன்படிக்கையில் இருக்கின்றன. இங்கே பவர் ஆஃப் அட்டர்னி எழுதி அப்போஸ்டில் முத்திரை வாங்கி அனுப்பினால், அங்கே ஒரு வக்கீல் பல வேலைகளை முடித்துவிடுவார். முதலில் அதை முயற்சி செய்யச் சொன்னேன். சர்ச் குழுவுக்கு ஒரு வருஷம் தள்ளிப் போடச் சொல்கிறேன், சிலர் கேட்கிறார்கள். ஆனால் வேலைக்கென்று விசிட் விசாவில் கிளம்புகிறவர்களை மட்டும் கை கூப்பித் தடுப்பேன். உதவியாளர் வேலை என்று கல்புர்கியிலிருந்து ரஷ்யா போன இளைஞர்கள் போர்முனையில் நின்ற கதை 2024இல் வெளிவந்தது. அதன் பின்னும் அதே மாதிரி விளம்பரத்தோடு என்னிடம் வருகிறார்கள்.

கடைசியாக, திரும்பி வந்த பிறகும் ஒரு கதவு இருக்கிறது. 2023 ஏப்ரலில் சூடானில் சண்டை மூண்டபோது, மூலிகை மருந்து விற்கப் போன கர்நாடகத்து ஹக்கிப்பிக்கி பழங்குடி மக்கள் உட்படப் பலர் மாட்டிக்கொண்டார்கள். 'ஆபரேஷன் காவேரி'யில் ஜெட்டா வழியாக வந்து பெங்களூரில் இறங்கியவர்களில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாதவர்களைத் தனிமைப்படுத்தினார்கள். ஆப்பிரிக்காவில் அந்த நோய் இருக்கிற நாட்டுக்குப் போவதானால் கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள், அதனால் டிக்கெட் தேதியை முடிவு செய்யுமுன் அங்கே இடம் கிடைக்கிற நாளைக் கேட்டுவிடுங்கள்.